நாற்பத்தைந்து விநாடியில் எடுக்க வேண்டிய முடிவு

2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் ஏவுகணைகளால் மோதிக்கொண்ட நான்கு நாட்களும் மலையகத்தில் வேறு பேச்சு இல்லை. ஹட்டனிலும் தலவாக்கலையிலும் பண்டாரவளையிலும் கடைத் தொலைக்காட்சிகள் தமிழகச் செய்தி அலைவரிசைகளை விட்டு நகரவில்லை. நமக்கு அது யாரோ இருவரின் சண்டை அல்ல. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இங்கிருந்து 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவெடுத்தது. அப்படிப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தொலைபேசி எடுத்து நலம் விசாரித்தவர்களும், கடையில் தேநீரோடு செய்தி பார்த்தவர்களும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: அணுகுண்டைப் போட்டுவிடுவார்களா?

தொலைக்காட்சி நிபுணர்கள் தைரியம் சொன்னார்கள். இரு தரப்பும் மரபுவழி ஆயுதங்களைத்தான் பயன்படுத்துகின்றன, அணுவாயுதத்தை யாரும் தொடவில்லை, ஆகவே பயம் வேண்டாம் என்றார்கள். மே 10ஆம் திகதி சண்டையும் நின்றது. ஆனால் ஜூலையில் பாகிஸ்தான் பிரதமரின் ஆலோசகர் ராணா சனாவுல்லா ஒரு பேட்டியில் வேறொரு சித்திரத்தைத் தந்தார். நூர் கான் விமானத் தளத்தை நோக்கி இந்தியாவின் பிரம்மோஸ் ஏவுகணை வந்தபோது, அதில் அணுகுண்டு இருக்கிறதா இல்லையா என்று கணிக்கத் தங்கள் படைக்கு 30 முதல் 45 விநாடிகளே கிடைத்தன என்றார் அவர். அந்த நேரத்துக்குள் தவறாகக் கணித்திருந்தால் அணுவாயுதப் போரே தொடங்கியிருக்கலாம் என்றும் சொன்னார்.

அரசியல்வாதியின் வாய்ச்சொல்லை அப்படியே எடைபோட்டு எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தங்கள் நாடு எவ்வளவு பொறுமை காத்தது என்று காட்டுவதற்கு அவருக்குக் காரணம் இருந்தது. இருந்தாலும் அவர் தொட்ட இடம் சரியான இடம். நூர் கான் தளம் ராவல்பிண்டியில் இருக்கிறது. பாகிஸ்தானின் அணுவாயுதங்களை நிர்வகிக்கும் மூலோபாயத் திட்டப் பிரிவின் தலைமையகம் அதற்கு அருகில்தான். வந்த ஏவுகணையில் இருந்தது சாதாரண வெடிமருந்து. அது போய் விழுந்த இடத்துக்குச் ‘சாதாரண’ என்ற வார்த்தை பொருந்தாது.

நெடுந்தூர மரபுவழித் தாக்குதல் ஆயுதங்கள் என்று சொல்லப்படுபவை பல வகை. விமானத்தைப் போலத் தாழப் பறந்து, ராடாருக்குத் தப்பி, நிலத்தின் ஏற்ற இறக்கத்தைத் தடவிக்கொண்டு போகும் குரூஸ் ஏவுகணை ஒன்று. அமெரிக்காவின் டோமஹாக் அப்படி ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர் போகும். வளிமண்டலத்துக்கு மேலே எறியப்பட்டு வளைந்து வந்து விழும் பாலிஸ்டிக் ஏவுகணை இன்னொன்று. ஒலியைப்போல ஐந்து மடங்குக்கு மேற்பட்ட வேகத்தில், வழியில் திசை மாற்றிக்கொண்டே போகக்கூடிய ஹைப்பர்சோனிக் வகை மூன்றாவது. சீனா தனது டி.எஃப்-17ஐ 2019 ஒக்டோபர் 1 அணிவகுப்பில் காட்டியது. இந்தியா 1,500 கிலோமீற்றருக்கு மேல் செல்லும் ஒன்றை 2024 நவம்பரில் ஒடிசாக் கரையோரத்திலிருந்து சோதித்தது. இவற்றோடு இப்போது மலிவான நெடுந்தூர ட்ரோன்களும் சேர்ந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்று உண்டு. படையை நகர்த்தாமல், எல்லையைக் கடக்காமல், எதிரி நாட்டின் உள்ளே வெகு தூரத்தில் குறிப்பிட்ட ஒரு கட்டடத்தை, சில வேளைகளில் கட்டடத்தின் குறிப்பிட்ட மூலையையே, அடிக்க முடியும்.

இந்தத் துல்லியம்தான் எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. கணக்கு எளிமையானது. ஒரு வெடிப்பின் அழிவு ஆரம் அதன் வெடிசக்தியின் கனமூலத்தைப் பொறுத்தே வளர்கிறது. ஆரத்தை இரு மடங்காக்க வேண்டுமானால் வெடிசக்தியை எட்டு மடங்காக்க வேண்டும். குறி தவறும் தூரத்தைப் பாதியாகக் குறைத்தாலோ, குண்டைப் பெரிதாக்காமலே அதே பலன் கிடைத்துவிடும். கண்டம் விட்டுக் கண்டம் பாயும் முதல் தலைமுறை ஏவுகணைகள் கிலோமீற்றர் கணக்கில் குறி தவறின. அந்தக் குறையை ஈடுசெய்யத்தான் அவற்றின் தலையில் மெகாதொன் (பத்து லட்சம் தொன் வெடிமருந்துக்குச் சமமான) குண்டுகளை வைத்தார்கள். 1991 வளைகுடாப் போரில் டோமஹாக் முதன்முறையாகப் போர்க்களம் கண்டது. செய்மதி வழிகாட்டல் வந்த பிறகு பிழை சில மீற்றர்களாகச் சுருங்கியது. பிழை அவ்வளவு சிறிதானால் அரை தொன் வெடிமருந்தே பல வேலைகளுக்குப் போதும். முன்பு அணுகுண்டால் மட்டுமே அழிக்கலாம் என்று கருதப்பட்ட பல இலக்குகள் அப்படிச் சாதாரண குண்டின் கைக்குள் வந்துவிட்டன. எதிரியின் அணுவாயுதங்களைக் காக்கும் ராடார், அவற்றுக்கு உத்தரவு போகும் நிலையம், அவற்றைச் சுமக்கும் குண்டுவீச்சு விமானம், லொறியில் ஏற்றிய ஏவுகணை ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு.

மூலோபாய ஸ்திரத்தன்மை என்று அறிஞர்கள் சொல்வது இங்கேதான் ஆட்டங்காணுகிறது. பனிப்போர்க் காலத்தில் உருவான கருத்து அது. இரு அணுவாயுத வல்லரசுகளில் யார் முதலில் அடித்தாலும் அடி வாங்கியவரிடம் திருப்பி அடிக்க மிச்சம் இருக்கும் என்ற உறுதி இருவருக்கும் இருக்க வேண்டும். அந்த உறுதி இருந்தால் நெருக்கடியில் அவசரப்படத் தேவையில்லை. ஆயுதத்தைக் குவித்துக்கொண்டே போகவும் தேவையில்லை. குரூரமான ஏற்பாடுதான், மறுக்கவில்லை. கோடிக்கணக்கான மக்களைப் பணயம் வைத்து வாங்கிய அமைதி அது. ஆனால் ஏற்பாடு நின்றது, பொறுமையாக யோசிக்க நேரம் இருந்தவரை.

அந்த ஏற்பாட்டுக்கு மரபுவழி ஆயுதம் எப்படிக் குழி தோண்டும் என்பதை அமெரிக்கப் பாராளுமன்றமே ஒரு முறை உணர்ந்தது. உலகின் எந்த மூலையையும் ஒரு மணி நேரத்துக்குள் சாதாரண குண்டால் அடிக்க வேண்டும் என்று ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் நிர்வாகம் ஆசைப்பட்டது. நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்த ட்ரைடன்ட் ஏவுகணைகள் சிலவற்றிலிருந்து அணு வெடிமுனையைக் கழற்றிவிட்டுச் சாதாரண வெடிமுனையைப் பொருத்தலாம் என்று 2006இல் திட்டம் வைத்தது. அதே கப்பலில், அதே வகை ஏவுகணையில், அடுத்த குழாயில் அணுகுண்டு இருக்கும். தேயிலைச் சாக்குகள் வரிசையாக அடுக்கியிருந்தால் உள்ளே இருப்பது எந்தத் தரம் என்று வெளியிலிருந்து தெரியாது. அவிழ்த்துப் பார்க்க வேண்டும். பறந்து வரும் ட்ரைடன்டை அவிழ்த்துப் பார்க்க மொஸ்கோவால் முடியாது. அத்தகைய ஏவுகணை ஏவப்பட்டால் பொருத்தமற்ற பதிலடி, அணுவாயுதப் பதிலடிகூட, வரலாம் என்று அதே ஆண்டு மே மாத உரையில் புட்டின் எச்சரித்தார். அமெரிக்கப் பாராளுமன்றமான காங்கிரஸ் பணம் தர மறுத்தது. திட்டம் அந்த வடிவில் கைவிடப்பட்டது. அமெரிக்காவும் ரஷ்யாவும் தங்கள் நெடுந்தூர அணுவாயுதங்களுக்கு வரம்பு வைத்து 2010இல் கையெழுத்திட்ட நியூ ஸ்டார்ட் ஒப்பந்தம் இந்தக் கவலையை முன்னுரையிலேயே பதிவுசெய்தது. சாதாரண வெடிமுனை தாங்கிய கண்டம் பாயும் ஏவுகணையையும் அணு ஏவுகணையோடு சேர்த்தே எண்ண வேண்டும் என்றும் விதித்தது. அந்த ஒப்பந்தத்தின் காலம் 2026 பெப்ரவரி 5ஆம் திகதியோடு முடிந்தது.

வெடிமுனை எது என்ற குழப்பத்தோடு, ஏவுகணை யாருக்கு என்ற குழப்பமும் உண்டு. இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உதாரணம் நமது தெற்காசியாவிலேயே நடந்த ஓர் இராப்போசனம். 1998 ஓகஸ்ட் 20. இந்தியாவும் பாகிஸ்தானும் அணு சோதனை நடத்தி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கென்யா, தன்சானியா தூதரகக் குண்டுவெடிப்புகளுக்குப் பதிலடியாக ஆப்கானிஸ்தானிலும் சூடானிலும் இருந்த இலக்குகள் மீது அமெரிக்கா ஏறத்தாழ 75 டோமஹாக்குகளை ஏவியது. ஆப்கானிஸ்தானுக்குப் போனவை அரபிக்கடலிலிருந்து பாகிஸ்தானின் வான்பரப்பைக் கடந்தே போக வேண்டும். பாகிஸ்தான் ராடார் இவற்றைப் பார்த்து இந்தியா அடிக்கிறது என்று நினைத்துவிட்டால்? அதனால் அமெரிக்க முப்படைத் தளபதிகள் குழுவின் துணைத் தலைவர் ஜெனரல் ஜோசப் ரால்ஸ்டன் அன்றிரவு இஸ்லாமாபாத்தில் பாகிஸ்தான் தரைப்படைத் தளபதி ஜெஹாங்கீர் கராமத்தோடு உட்கார்ந்திருந்தார். மேலே பறப்பவை எங்களுடையவை என்று நேருக்கு நேர் சொல்வதே அவர் போன வேலை. முன்கூட்டியே சொன்னால் செய்தி கசியும். சொல்லாமல் விட்டால் பேரழிவு வரலாம். ஒரு ஜெனரலைச் சாப்பாட்டு மேசைக்கு அனுப்பி அமெரிக்கா அந்த இடைவெளியை நிரப்பியது. பின்லேடன் தப்பிவிட்டார் என்பதைத்தான் வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. எனக்கோ அந்தச் சாப்பாடுதான் அந்த நாளின் பெரிய செய்தி.

1995 ஜனவரியில் நோர்வேயிலிருந்து கிளம்பிய ஓர் ஆராய்ச்சி ரொக்கெட், ஏவுகணையோ என்று சந்தேகிக்கப்பட்டு, ரஷ்ய ஜனாதிபதி போரிஸ் யெல்ட்சினின் அணு உத்தரவுப் பெட்டியைத் திறக்க வைத்தது. ரொக்கெட் ஏவப்போவதாக நோர்வே முன்பே அறிவித்திருந்தது. அறிவிப்பு ரஷ்ய ராடார் நிலையத்துக்குப் போய்ச்சேரவில்லை, அவ்வளவுதான்.

உக்ரைன் போர் இன்னொரு கதவைத் திறந்தது. 2024 மே மாதம் உக்ரைனின் ட்ரோன்கள் ரஷ்யாவின் அர்மாவிர் ராடார் நிலையத்தைத் தாக்கின. சில நாட்களில் ஓர்ஸ்க் நகரப் பக்கம் இருந்த இன்னொரு ராடாரும் குறிவைக்கப்பட்டது. இவை உக்ரைனிய விமானங்களை மட்டும் பார்க்கும் ராடார்கள் அல்ல. அமெரிக்காவிலிருந்தோ நீர்மூழ்கிகளிலிருந்தோ அணு ஏவுகணை வருகிறதா என்று கண்காணிக்கும் முன்னெச்சரிக்கை வலையமைப்பின் கண்கள். தன் மண்ணில் குண்டு வீசும் ஒரு நாட்டின் கண்ணைக் குத்துவது உக்ரைனுக்கு நியாயமாகத் தெரியலாம். எனக்கும் அதில் தார்மீகத் தவறு தெரியவில்லை. ஆனால் கண் மங்கிய அணுவாயுத நாடு எதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பது வேறு கணக்கு. அடுத்த ஆண்டு ஜூன் 1ஆம் திகதி, லொறிகளில் மறைத்துக் கொண்டுபோன 117 ட்ரோன்கள் ரஷ்யாவின் உள்ளேயிருந்தே கிளம்பி நெடுந்தூரக் குண்டுவீச்சு விமானங்களை அவற்றின் தளங்களிலேயே எரித்தன. அணுகுண்டு சுமக்க வல்ல விமானங்கள் அவை. அணுவாயுதமே இல்லாத ஒரு நாடு, உலகின் மிகப் பெரிய அணுவாயுதக் களஞ்சியங்களில் ஒன்றைச் சாதாரண வெடிமருந்தால் தொட்டுவிட்டது.

இப்படி ஒன்று வரலாம் என்று மொஸ்கோ எதிர்பார்த்தே இருந்தது. தன் அணுப் பதிலடி ஆற்றலைக் குலைக்கும் எந்தத் தாக்குதலுக்கும் அணுவாயுதத்தால் பதில் சொல்லலாம் என்று 2020 அணுக் கொள்கை ஆவணத்தில் எழுதியிருந்தது. 2024 நவம்பர் 19இல் வெளியான திருத்தம் இன்னும் கீழே இறங்கியது. குரூஸ் ஏவுகணைகள், ட்ரோன்கள், விமானங்கள் பெருந்தொகையாகக் கிளம்பி எல்லையைக் கடக்கின்றன என்று நம்பகமான தகவல் கிடைத்தாலே அணுவாயுதம் பற்றி யோசிக்கலாம் என்றது. எழுதியதை எல்லாம் செய்வார்கள் என்பதில்லை. 2025 ஜூன் தாக்குதலுக்கு ரஷ்யா அணுவாயுதத்தால் பதில் சொல்லவில்லை என்பது நம் கண்முன் இருக்கும் உண்மை. ஒரு முறை நடக்கவில்லை என்பதிலிருந்து ஒருபோதும் நடக்காது என்று தீர்ப்புச் சொல்ல நான் தயாரில்லை.

வடகொரியா இதைவிடச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டது. தென்கொரியாவிடம் அணுகுண்டு இல்லை. ஆனால் கிம் ஜொங் உன் பதுங்கும் சுரங்கத்தையே இலக்காகக் கொண்ட கனரக ஏவுகணைகள் இருக்கின்றன. அதை அந்த நாடு ஒளித்துவைக்கவும் இல்லை. 2022 செப்டெம்பரில் பியோங்யாங் ஒரு சட்டம் இயற்றியது. தலைமைக்கு ஆபத்து நேர்ந்தால் அணுத் தாக்குதல் தானாகவே நடக்க வேண்டும் என்பது அதன் ஒரு பிரிவு. தலையை வெட்டினால் கை தானாக அடிக்கும் என்ற ஏற்பாடு. மரபுவழி ஏவுகணை அணுவாயுதத்தைத் தடுப்பதற்குப் பதிலாக அதன் விசையை இன்னும் இலகுவாக்கிய கதை இது.

சீனாவின் டி.எஃப்-26 ஏறத்தாழ 4,000 கிலோமீற்றர் போகும். குவாம் தீவிலுள்ள அமெரிக்கத் தளங்கள் அதன் எல்லைக்குள் அடங்கும். ஒரே ஏவுகணையில் அணு வெடிமுனையும் மாட்டலாம், சாதாரண வெடிமுனையும் மாட்டலாம். போர் மூண்டால் அமெரிக்கா முதலில் தேடி அழிக்க விரும்புவது இவற்றைத்தான். தேடி அழிக்கும்போது சீனாவின் அணுவாயுதத்தையும் சேர்த்து அழிக்கிறது என்று பீஜிங்குக்குத் தோன்றும். தோன்றினால் மிச்சமிருப்பதைக் காப்பாற்ற அவசரம் வரும். மேற்குச் சீனப் பாலைவனத்தில் நூற்றுக்கணக்கான புதிய ஏவுகணைக் குழிகள் தோண்டப்படுவது 2021இல் செய்மதிப் படங்களில் தெரிந்தது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. அமெரிக்கா அணுகுண்டின்றியே தன் சிறிய படையைக் குலைத்துவிடும் என்ற அச்சம் அவற்றில் ஒன்று என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

மறுபக்கத்து வாதத்தை ஒதுக்கிவிடக் கூடாது. நல்ல மரபுவழி ஏவுகணை கையில் இருக்கும் நாடு அணுகுண்டைத் தேடி ஓட வேண்டியதில்லை. ஆகவே இவை அணுவாயுதத்தின் தேவையைக் குறைக்கின்றன என்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. 2025 ஜூனில் ஈரானின் ஃபோர்டோ, நடான்ஸ் நிலையங்கள் மீது அமெரிக்கா 14 பெருங்குண்டுகளைப் போட்டது. அந்தத் தாக்குதல் சரியா தவறா என்பது தனிக் கதை. மலைக்கடியில் புதைந்த நிலையத்துக்கு அணுகுண்டே வேண்டும் என்று ஒரு காலத்தில் எழுதியவர்கள் உண்டு, வேண்டியிருக்கவில்லை. ஆனால் இந்த வாதம் ஆயுதத்தை வைத்திருப்பவரின் பக்கத்திலிருந்து மட்டும் பார்க்கிறது. ‘இதைப் பயன்படுத்தலாம், இது அணுகுண்டு இல்லையே’ என்ற எண்ணம் எவ்வளவு சுலபமாக வருகிறதோ, அவ்வளவு அடிக்கடி ஏவுகணை பறக்கும். அடிக்கடி பறந்தால் அந்த 45 விநாடிகளும் அடிக்கடி வரும். என் கணிப்பில் இந்த ஆயுதங்களின் உண்மையான ஆபத்து அவற்றின் அழிவுச் சக்தியில் இல்லை. தயக்கத்தைப் போக்கிவிடுகின்றன, யோசிக்கும் நேரத்தையும் தின்றுவிடுகின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன.

மலையகத்துக்கு இதில் என்ன என்று கேட்பவர்களுக்கு முதலில் பழைய கதை ஒன்று. இந்த மலைகள் ஒரு காலத்தில் அரணாக இருந்தன. காடும் கணவாயும் கண்டி இராச்சியத்தைப் போர்த்துக்கேயரிடமிருந்தும் ஒல்லாந்தரிடமிருந்தும் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் காத்தன. 1815இல்தான் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த விமானங்கள் கொழும்பில் குண்டு வீசின; 9ஆம் திகதி திருகோணமலையில் வீசின. 1944இல் மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைக் கொண்டுவந்து அமைத்த இடம் பேராதனைத் தாவரவியல் பூங்கா. கடலிலிருந்து தள்ளி இருப்பது அன்று ஒரு பாதுகாப்பு. இன்று இங்கிருந்து ஏறத்தாழ 1,800 கிலோமீற்றர் தெற்கே டியாகோ கார்சியாவில் அமெரிக்காவின் நெடுந்தூரக் குண்டுவீச்சுத் தளம் இருக்கிறது. 2025 வசந்த காலத்தில் ஆறு பி-2 விமானங்கள் அங்கே வரிசையாக நின்றன. இந்தியாவின் அக்னி வகை ஏவுகணைகள் ஒடிசாக் கரையிலிருந்து தெற்கு நோக்கி, வங்காள விரிகுடாவுக்கு மேலாகச் சோதிக்கப்படுகின்றன. 2022 ஓகஸ்டில் அம்பாந்தோட்டைக்கு வந்து ஒரு வாரம் நின்ற சீனக் கப்பல் யுவான் வாங் 5, செய்மதிகளையும் ஏவுகணைகளையும் பின்தொடரும் கருவிகள் கொண்டது. தில்லி ஏன் அவ்வளவு பதறியது என்று அப்போது சலித்துக்கொண்டவர்கள் இந்தப் பின்னணியில் பார்த்தால் புரியும். கொழும்பு 2024 ஜனவரியிலிருந்து ஓராண்டுக்கு வெளிநாட்டு ஆய்வுக் கப்பல்களுக்கே தடை போட்டுத் தப்பித்துக்கொண்டது.

குண்டு விழாத இடத்திலும் அதன் விலை வந்து சேரும். யேமனின் ஹூதிகள் 2023 நவம்பரிலிருந்து செங்கடலில் கப்பல்களைத் தாக்கத் தொடங்கினார்கள். கப்பல் மீது பாலிஸ்டிக் ஏவுகணை போர்க்களத்தில் முதன்முறையாகப் பயன்பட்டது அங்கேதான். ஓர் அரசாகக்கூட உலகம் ஏற்காத ஒரு குழுவிடம் அப்படியோர் ஆயுதம் இருந்தது. கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போயின. பயணம் பத்து நாட்களுக்கு மேல் நீண்டது. சரக்குக் கட்டணமும் காப்புறுதியும் ஏறின. துருக்கிக்கும் லிபியாவுக்கும் ரஷ்யாவுக்கும் நமது தேயிலை போகும் வழி அது. இரண்டாயிரம் அடி உயரத்தில் கொழுந்து பறிப்பவருக்கும் ஏவுகணை அரசியலுக்கும் சம்பந்தமில்லை என்று யாராவது சொன்னால், கொழும்புத் தேயிலை ஏலத்துக்கு ஒரு நாள் போய்வரச் சொல்லுங்கள். ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கான 251 மில்லியன் டொலர் கடனைத் தேயிலையாகவே அடைப்பதென்று 2021 டிசம்பரில் உடன்பாடு செய்த நாடு இது. பொருளாதாரத் தடை, ஏவுகணை, எண்ணெய், கொழுந்து எல்லாம் ஒரே கணக்குப் புத்தகத்தில்தான் கிடக்கின்றன.

நம்மிடம் இருக்கும் இன்னொரு பொருளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கண்டிக்கு அருகே பல்லேகலவில் ஒரு நில அதிர்வு நிலையம் இருக்கிறது. உலகின் எந்த மூலையில் நிலத்துக்கடியில் அணுகுண்டைச் சோதித்தாலும் அதன் அதிர்வைப் பிடிக்க உதவும் சர்வதேச வலையமைப்போடு அது இணைந்தது. அணு சோதனைகளை முற்றாகத் தடைசெய்யும் உடன்படிக்கையை இலங்கை 2023 ஜூலையில் உறுதிசெய்தது. அணுவாயுதத் தடை உடன்படிக்கையிலும் அதே ஆண்டு செப்டெம்பரில் சேர்ந்தது. அணுகுண்டு என்றால் இப்படி ஒப்பந்தம் இருக்கிறது, கண்காணிக்கும் கருவி இருக்கிறது, மலையில் ஒரு நிலையம்கூட இருக்கிறது. சாதாரண வெடிமுனை தாங்கிய நெடுந்தூர ஏவுகணைக்கு இதில் எதுவுமே இல்லை. ஒரு காலத்தில் பாதி இருந்தது: 500 முதல் 5,500 கிலோமீற்றர் வரை செல்லும், தரையிலிருந்து ஏவும் ஏவுகணைகளை, வெடிமுனை எதுவானாலும், அமெரிக்காவின் ரீகனும் சோவியத் ஒன்றியத்தின் கொர்பச்சேவும் 1987இல் தடைசெய்தார்கள். 2,692 ஏவுகணைகள் உடைக்கப்பட்டன. ரஷ்யா ஒப்பந்தத்தை மீறுகிறது என்று சொல்லி 2019 ஓகஸ்ட் 2இல் அமெரிக்கா விலகியது. மறுபடி அப்படி ஒரு தடை வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பாகிஸ்தான் 2025 ஓகஸ்டில் தனி ரொக்கெட் படையே அறிவித்துவிட்டது, இந்தியாவிலும் அப்படியொரு படை வேண்டும் என்று அப்போதைய முப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் பிபின் ராவத் 2021இலேயே பேசியிருந்தார்.

தடை வராவிட்டாலும் தகவல் சொல்லலாம். ரால்ஸ்டன் சாப்பாட்டு மேசையில் செய்ததை ஒரு விதியாக எழுதிவைப்பதுதான் இது. ரஷ்யா 2024 நவம்பர் 21இல் ஒரெஷ்னிக் ஏவுகணையால் உக்ரைனின் டினிப்ரோவைத் தாக்கியபோது, ஏவுவதற்குச் சற்று முன்னர் அணு அபாயக் குறைப்பு வழிகள் ஊடாக வாஷிங்டனுக்கு அறிவித்தது. நடுத்தூர ஏவுகணை ஒன்று போரில் பறந்தது. உலகம் அன்றிரவு பதறவில்லை. பகைவர்களுக்கிடையில்கூட இது முடியும் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

இந்தியாவும் பாகிஸ்தானும்கூட இந்தப் பாதையில் கொஞ்சத் தூரம் போயிருக்கின்றன. ஒருவர் அணு நிலையங்களை மற்றவர் தாக்குவதில்லை என்று 1988 டிசம்பர் 31இல் உடன்பட்டன. ஒவ்வொரு ஜனவரி முதலாம் திகதியும் நிலையங்களின் பட்டியலை மாற்றிக்கொள்கின்றன. பாலிஸ்டிக் ஏவுகணையைச் சோதிக்கும் முன்னர் அறிவிப்பதென்று 2005 ஒக்டோபரில் கையெழுத்திட்டன. குரூஸ் ஏவுகணை அதில் இல்லை. 2022 மார்ச் 9ஆம் திகதி மாலை இந்தியாவின் பிரம்மோஸ் குரூஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி, ஒலியைப்போலப் பல மடங்கு வேகத்தில் எல்லையைக் கடந்து, பாகிஸ்தானுக்குள் 124 கிலோமீற்றர் பறந்து மியான் சன்னு என்ற ஊரில் விழுந்தது. வெடிமுனை இல்லாததால் யாரும் சாகவில்லை. தவறு நடந்ததாக தில்லி ஒப்புக்கொண்டது இரண்டு நாள் கழித்து, மார்ச் 11இல். விமானப்படை அதிகாரிகள் மூவர் அந்த ஓகஸ்டில் பதவிநீக்கப்பட்டார்கள். மூன்றாண்டு கழித்து அதே வகை ஏவுகணை, இம்முறை வெடிமுனையோடும் வேண்டுமென்றேயும், ராவல்பிண்டிக்குப் போனது.

அணுவாயுதத் தடையில் சேர்ந்த நாடு என்ற முறையில் இலங்கை தில்லியிடமும் இஸ்லாமாபாத்திடமும் ஒன்றைக் கேட்கலாம்: 2005 உடன்படிக்கையில் குரூஸ் ஏவுகணைகளையும் ஹைப்பர்சோனிக் ஏவுகணைகளையும் சேருங்கள், தவறு நடந்தால் இரண்டு நாள் காத்திராமல் சில நிமிடங்களில் சொல்வதற்கு ஒரு தொலைபேசி வழியை ஒதுக்குங்கள். இதற்கு ஒரு ஏவுகணையின் விலைகூட ஆகாது. எந்த நாடும் தன் ஆயுதத்தில் ஒன்றையேனும் கைவிட வேண்டியதும் இல்லை. கொழும்பு அப்படிக் கேட்டதாக இதுவரை நான் எங்கும் படிக்கவில்லை.